ஓபராவுக்குப் பணம் கொடுப்பது யார், பார்ப்பது யார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபரா பற்றி எதை எழுதினாலும் எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் இசையைப் பற்றியவை அல்ல. பணத்தையும் அந்தஸ்தையும் பற்றியவை. யாருடைய காசில் இது நடக்கிறது, சாதாரண மக்களுக்கு இதில் இடம் உண்டா என்பதையே பலரும் அறிய விரும்புகிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஓபரா என்றால் என்ன? பாட்டு அதிகமுள்ள நாடகம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். கதை, பாத்திரங்கள், ஒப்பனை, காட்சி ஜோடனை எல்லாம் நாடகத்தைப் போலவே உண்டு. ஆனால் வசனத்தின் வேலையையும் பெரும்பாலும் பாட்டே செய்கிறது. பாடகருக்கு ஒலிபெருக்கி கிடையாது. அறுபது, எழுபது வாத்தியங்களின் ஒலியைத் தாண்டி, கடைசி வரிசை வரை வெறும் தொண்டையால் எட்டவேண்டும். அந்தக் குரல் உருவாகப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

வாத்தியக்குழு, சேர்ந்திசைக் குழு, தனிப்பாடகர்கள், தையல்காரர்கள், தச்சர்கள், விளக்குப் பணியாளர்கள் என்று ஒரு பெரிய ஓபராவின் ஒரே இரவுக்கு நூற்றுக்கணக்கானோர் உழைக்கிறார்கள். கீழே வரும் பணக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

இது ஆரம்பத்திலிருந்தே பணக்காரர்களின் கலைதானே?

பிறந்தது அரண்மனையில்தான். 1600-இல் ஃபுளோரன்ஸ் நகரில், பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் மெடிச்சி குடும்பத்து மரியாவுக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில் யாக்கோப்போ பேரியின் 'யூரிடிச்சே' அரங்கேறியது. இசை முழுமையாகக் கிடைக்கும் ஓபராக்களில் மிகப் பழையது அது. 1607-இல் மோன்டெவெர்டியின் 'ஓர்ஃபேயோ' மான்டுவாவின் கொன்சாகா பிரபுக்களுக்காக உருவானது. அழைப்புப் பெற்றவர்கள் மட்டுமே பார்த்தார்கள். செலவு முழுவதும் அரசகுடும்பத்தினுடையது.

ஆனால் அந்த நிலை நாற்பது ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1637-இல் வெனிஸ் நகரின் சான் கஸ்ஸியானோ அரங்கு, காசு கொடுத்த எவரையும் உள்ளே விட்டது. வெனிஸில் அரசர் கிடையாது, வணிகர்களின் குடியரசு அது. திருவிழாக் காலத்தில் வெளியூர்க் கூட்டமும் குவியும். சில ஆண்டுகளிலேயே அந்த நகரில் பல ஓபரா அரங்குகள் போட்டி போட்டன. அதனால், இது மன்னர்களின் கலை என்று நிறுத்திக்கொள்வது பாதி வரலாறுதான்.

டிக்கெட் வாங்கினால் எவரும் போகலாம் என்றால், மேல்தட்டு கீழ்த்தட்டுப் பிரிவு எப்படி வந்தது?

கட்டடத்தின் வழியாக வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

டிக்கெட் வசூல் செலவுக்குப் போதவில்லை. அதனால் அரங்கின் சுவரோரம் அடுக்கடுக்காகச் சிறு தனியறைகள் கட்டினார்கள். பாக்ஸ் என்று இன்றும் சொல்லப்படுபவை அவைதான். வெனிஸின் செல்வக் குடும்பங்கள் அவற்றை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தன. அந்த முன்பணம்தான் அரங்கை ஓட்டியது. மிலான் நகரின் லா ஸ்கலா 1778-இல் திறக்கப்பட்டபோதும் கட்டுமானச் செலவை ஏற்றவர்கள் பாக்ஸ் உரிமையாளர்கள். பாக்ஸ் அவர்களுடைய சொத்து. தங்களுக்குப் பிடித்தபடி திரைச்சீலை போட்டு அலங்கரித்துக்கொண்டார்கள்; அங்கேயே உண்டார்கள், சீட்டாடினார்கள், கல்யாணப் பேச்சு நடத்தினார்கள். பாக்ஸ்கள் குதிரைலாட வடிவில் வளைந்திருப்பதால், மேடையைப் பார்ப்பதைவிட எதிர் பாக்ஸில் இருப்பவரைப் பார்ப்பது எளிது. பணம் போட்டவர்களின் தேவைக்கேற்பவே அரங்கின் வடிவம் அமைந்தது.

மற்றவர்களுக்கு, கூரைக்குக் கீழே உச்சி கேலரி. அங்கே போக வழியும் வேறு. லண்டனின் கோவன்ட் கார்டன் அரங்கில் மேல்தளத்து ரசிகர்கள் பக்கத்துத் தெருவின் தனி வாசலில் நுழைந்து, தனிப் படிக்கட்டில் ஏறவேண்டியிருந்தது. இடைவேளையில்கூடக் கீழே இருப்பவர்களோடு கலக்க முடியாது. 1999-இல் முடிந்த புதுப்பிப்பில்தான் எல்லோரும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே கூடத்தில் நிற்கும்படி மாற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை அந்தத் தனி வாசல் இருந்தது என்பதை ஓபராவை நேசிக்கிற நான் இன்றும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

உச்சி கேலரியில் உட்கார்ந்தவர்களுக்கு இசை புரிந்ததா? சும்மா வேடிக்கை பார்க்கப் போனார்களா?

அரங்கிலேயே கறாரான காதுகள் அங்கேதான் இருந்தன. லா ஸ்கலாவின் உச்சி கேலரிக்கு லொஜ்ஜோனே என்று பெயர். அங்கே இருப்பவர்களின் கைதட்டலுக்கும் கூச்சலுக்கும் பெரிய பாடகர்களே அஞ்சுவார்கள். 2006 டிசம்பரில் 'அயிதா' ஓபராவில் முதல் பாட்டு முடிந்ததும் அங்கிருந்து எதிர்ப்புக் குரல் எழ, ரொபேர்த்தோ அலானியா மேடையை விட்டு வெளியேறினார். மாற்றுப் பாடகர் ஒப்பனைகூட இல்லாமல் அன்றாட உடையில் வந்து தொடர்ந்தார். வியன்னா அரசு ஓபராவில் நின்று பார்க்க மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. இசை மாணவர்களும் ஓய்வூதியர்களும் வரிசையில் காத்திருந்து வாங்குவார்கள்; உள்ளே போனதும் தங்கள் இடத்துக் கம்பியில் கைக்குட்டையைக் கட்டி வைத்துக்கொள்வார்கள்.

மேடையில் நின்றவர்களையும் பாருங்கள். கரூசோ நேப்பிள்ஸின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பாவரொட்டியின் தந்தை ரொட்டி சுடுபவர், தாய் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளி.

விலையை ஏற்றியபோது சாதாரண மக்கள் எதிர்த்ததே இல்லையா?

எதிர்த்தார்கள், வென்றும் இருக்கிறார்கள். 1808-இல் கோவன்ட் கார்டன் அரங்கு தீக்கிரையானது. அப்போது அங்கே நாடகமும் ஓபராவும் இரண்டுமே நடக்கும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் புதிய அரங்கு திறந்தபோது, கட்டிய செலவை ஈடுகட்ட நிர்வாகி ஜான் கெம்பிள் விலையை உயர்த்தினார். தரைத்தள இருக்கை மூன்றரை ஷில்லிங்கிலிருந்து நான்கானது. மக்களை அதைவிடக் கொதிக்க வைத்தது, ஒரு தளம் முழுவதையும் செல்வந்தர்களின் தனி பாக்ஸ்களாக மாற்றியதுதான். அதற்காக மலிவு இருக்கைகளை மேலே தள்ளியதில், அங்கிருந்து நடிகர்களின் கால்கள்தான் தெரிந்தன என்று புகார் எழுந்தது.

திறப்பு இரவிலிருந்து தொடங்கியது கலகம். மணி, கிலுகிலுப்பை, பதாகை எல்லாம் கொண்டுவந்து, 'பழைய விலை' என்று கத்தி, பெஞ்சுகளின் மேல் ஏறிக் குதித்து ஆடினார்கள். மேடையில் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை. பெரும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டிருந்த இத்தாலியப் பாடகி கத்தலானியின் ஒப்பந்தத்தையும் நிர்வாகம் கைவிட வேண்டியதாயிற்று. மூன்று மாதத்துக்கு அருகே இது நீண்டது. டிசம்பரில் கெம்பிள் பணிந்தார். தரைத்தள விலை பழைய நிலைக்கு இறங்கியது, தனி பாக்ஸ்களும் குறைக்கப்பட்டன.

நியூயார்க்கில் நடந்தது துயரமானது. ஆஸ்டர் பிளேஸ் ஓபரா அரங்கு 1847-இல் மேட்டுக்குடிக்கென்றே, உடைக் கட்டுப்பாட்டோடு கட்டப்பட்டது. 1849 மே மாதம், ஆங்கில நடிகர் ஒருவருக்கும் அமெரிக்க நடிகர் ஒருவருக்கும் இடையிலான போட்டி, உழைக்கும் மக்களுக்கும் செல்வந்தர்களுக்கும் இடையிலான மோதலாக மூண்டது. அரங்கின் வாசலில் படையினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று மேடையில் நடந்தது ஷேக்ஸ்பியரின் நாடகம். ஆனால் கூட்டம் கல்லெறிந்தது அந்தக் கட்டடத்தின் மீதான கோபத்தாலும்தான்.

நியூயார்க்கின் மெட் ஓபராவைக் கோடீஸ்வரர்கள் ஏன் கட்டினார்கள்? இசை மீதான ஆசையா?

பாக்ஸ் மீதான ஆசை. பழைய பணக்காரர்கள் கூடும் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் பாக்ஸ்கள் மிகக் குறைவு. ரயில்பாதையிலும் வங்கியிலும் புதிதாகச் செல்வம் சேர்த்த வேண்டர்பில்ட் போன்றவர்களுக்கு எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் அங்கே இடம் கிடைக்கவில்லை. அவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கைக் கட்டி 1883 அக்டோபரில் திறந்தார்கள். மூன்றாண்டுக்குள் அகாடமி ஓபராவை நிறுத்திவிட்டது.

பணம் எங்கே போனது என்பது அந்தக் கட்டடத்திலேயே தெரிந்தது. அடுக்கடுக்காக பாக்ஸ்கள், மேடைக்குப் பின்னால் இடமோ போதவில்லை. காட்சித் தட்டிகளை வைக்க அறை இல்லாமல், மழையோ பனியோ, ஏழாவது அவென்யூவின் நடைபாதையில் சுவரில் சாய்த்து வைத்தார்கள். 1966-இல் லிங்கன் சென்டருக்குக் குடிபெயரும்வரை அதே கதைதான்.

பெரும் பொருளாதார மந்தத்தில் பாக்ஸ் முதலாளிகள் கைவிரித்தபோது மெட்டைக் காப்பாற்றியதில் வானொலி நேயர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1931 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய ஒலிபரப்பு, அரங்கையே பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் போனது. 1940-இல் பாக்ஸ் உரிமையாளர்களிடமிருந்து கட்டடத்தை வாங்க நிதி திரட்டியபோது, ஒரு டாலர் இரண்டு டாலர் என்று அந்த நேயர்கள் அனுப்பினார்கள். மெட்டின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

டிக்கெட் விலை இவ்வளவு இருந்தும் நஷ்டம் என்கிறார்களே, நிர்வாகக் கோளாறா?

சில அரங்குகளில் அதுவும் உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. பொருளியலாளர்கள் போமலும் போவனும் 1966-இல் அதை விளக்கினார்கள். நெசவாலையில் ஒரு தொழிலாளி முன்பைவிடப் பல மடங்கு துணி நெய்கிறார். அதனால் சம்பளம் உயர்ந்தாலும் துணியின் விலை கட்டுக்குள் நிற்கிறது. நான்கு பேர் வாசிக்கவேண்டிய இசையை இன்றும் நான்கு பேர்தான், அதே நேரம் எடுத்துத்தான் வாசிக்கவேண்டும். அவர்கள் சம்பளமோ மற்றவர்களோடு சேர்ந்து உயரவேண்டும். ஆகவே செலவுக்கும் வசூலுக்கும் இடையிலான பள்ளம் ஆண்டுக்காண்டு பெரிதாகிறது.

அந்தப் பள்ளத்தை மன்னர், பாக்ஸ் குத்தகைதாரர், கோடீஸ்வரர், அரசு என்று காலந்தோறும் யாராவது நிரப்பியிருக்கிறார்கள். நிரப்புபவர் யார் என்பதைப் பொறுத்தே கதவு யாருக்குத் திறக்கிறது என்பதும் தீர்மானமாகியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லவந்த முதன்மையான விஷயம் இது.

ஐரோப்பாவில் அரசு ஏன் கொடுக்கிறது?

நாட்டுக்கு நாடு காரணம் வேறு. ஜெர்மனி ஒரு காலத்தில் பல சிற்றரசுகளாக இருந்தது. ஒவ்வொரு சிற்றரசருக்கும் ஓர் அரங்கு. அரசர்கள் போன பிறகு அவற்றை நகராட்சிகளும் மாநிலங்களும் ஏற்றன. இன்று சுமார் 80 ஓபரா அரங்குகள் இயங்குகின்றன. நடுத்தர ஊரில்கூட ஆண்டு முழுவதும் சம்பளம் பெறும் பாடகர் குழு இருக்கிறது.

பிரிட்டனில் இது போர்க்காலத்தில் பிறந்த சிந்தனை. இரண்டாம் உலகப் போரின்போது கோவன்ட் கார்டன் ஒரு நடனக்கூடமாக ஓடிக்கொண்டிருந்தது. 1946-இல், அரசுப் பணத்தைக் கலைகளுக்குப் பகிர்ந்து தரும் கலை மன்றம் அமைந்தபோது அதன் பின்னிருந்தவர் பொருளியலாளர் கெயின்ஸ். மருத்துவத்தையும் கல்வியையும் எல்லோருக்கும் தர முனைந்த அதே காலத்தின் முயற்சி இது.

நான் ஒருநாளும் போகாத ஓபராவுக்கு என் வரிப்பணம் ஏன்? பஸ் ஓட்டுபவர் காசில் வங்கி அதிகாரி பாட்டுக் கேட்பது நியாயமா?

கேள்வியில் இருக்கும் கோபம் சரியானது. 1990-களில் பிரிட்டனின் தேசிய லாட்டரி நிதியிலிருந்து கோவன்ட் கார்டன் புதுப்பிப்புக்கு 7.85 கோடி பவுண்டு தரப்பட்டபோது இதே கேள்வியைப் பத்திரிகைகள் உரக்கக் கேட்டன. எளிய மக்கள் வாங்கும் லாட்டரிச் சீட்டின் பணம் அது. மானியம் வாங்கிக்கொண்டு நல்ல இருக்கைகளை நிறுவனங்களுக்கு விற்கும் அரங்கை நான் ஆதரிக்கமாட்டேன். பொதுப்பணம் வாங்கினால் மலிவு இருக்கை, பள்ளிகளுக்குச் செல்லும் நிகழ்ச்சிகள், வெளியூர்ப் பயணம் எல்லாம் கட்டாயமாக இருக்கவேண்டும்.

ஆனால் மானியத்தை வெட்டினால் முதலில் அடிபடுவது யார் என்பதையும் பார்க்கவேண்டும். லண்டனின் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவின் வேர், தேம்ஸுக்குத் தெற்கே ஏழைகள் வாழ்ந்த பகுதியில் லிலியன் பேலிஸ் மலிவு விலையில், மக்களின் மொழியிலேயே நடத்திய நிகழ்ச்சிகளில் இருக்கிறது. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது இலவச டிக்கெட்டும் தந்துவந்தது. 2022 நவம்பரில் கலை மன்றத்தினர் அதன் வழக்கமான மானியத்தை நிறுத்தி, லண்டனுக்கு வெளியே போகச் சொன்னார்கள். பிறகு மான்செஸ்டர் வட்டாரம் என்று முடிவானது. வாத்தியக்குழுவினரும் சேர்ந்திசைப் பாடகர்களும் முழு ஆண்டு வேலையை இழந்தார்கள். பெரும் நன்கொடையாளர்கள் சூழ்ந்த அரங்குகள் தாங்கிக்கொள்ளும். எளியவர்களுக்காகத் தொடங்கியது தடுமாறியது. லண்டனுக்கு வெளியேயும் ஓபரா வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓர் ஊரிலிருந்து பிடுங்கி இன்னோர் ஊருக்குத் தருவது அதற்கு வழியல்ல.

அமெரிக்காவில் மக்கள் பணம் எதுவும் போவதில்லையே, அதுதானே நேர்மை?

நேரடியாகப் போவது மிகக் குறைவு. நாடு முழுவதற்குமான கூட்டாட்சிக் கலை நிதியத்தின் ஆண்டு ஒதுக்கீடு, மெட் என்ற ஒரே அரங்கின் ஆண்டுச் செலவைவிடக் குறைவு. ஆனால் நன்கொடைக்கு வரிச்சலுகை 1917 முதல் உண்டு. கோடீஸ்வரர் ஒரு தொகை கொடுத்தால், அதில் ஒரு பகுதி அரசுக்கு வந்திருக்கவேண்டிய வரி. ஆக மக்கள் பணமும் சேர்ந்தே போகிறது. எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பவர் மட்டும் அந்தக் கோடீஸ்வரர். ஜெர்மனியில் அதையே நகராட்சி மன்றத்தில் வாதிட்டு, வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். எனக்கு அந்த வழிதான் ஏற்புடையது.

பணம் கொடுப்பவரே மோசடிக்காரராக இருந்துவிட்டால்?

நடந்திருக்கிறது. முதலீட்டாளர் ஆல்பர்ட்டோ விலார் பல அரங்குகளுக்குப் பெருந்தொகை தருவதாக அறிவித்தார். கோவன்ட் கார்டனில் கண்ணாடியும் இரும்பும் கொண்ட அந்த அழகிய மலர்க் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். சொன்ன பணம் முழுவதும் வரவில்லை. 2005-இல் கைதானார், 2008-இல் மோசடிக் குற்றம் உறுதியானது. அதற்கு முன்பே அவர் பெயரை அகற்றியிருந்தார்கள். பிறகு அந்தக் கூடம் பால் ஹாம்லின் பெயரைப் பெற்றது. பதிப்பாளரான ஹாம்லின், ஓபராவுக்கே போயிராதவர்கள் குறைந்த விலையில் பார்ப்பதற்காகப் பணம் தந்தவர்.

பெயர்ப்பலகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே நன்கொடையாளரை நம்பி அரங்கை ஓட்டக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவும் பணக்காரர் தயவு என்றால், ஓபராக் கதைகளும் அவர்களைப் போற்றித்தானே இருக்கும்?

அதுதான் வியப்பு. மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' 1786-இல் வியன்னாவின் அரசவை அரங்கில் நடந்தது. அதில் வேலைக்காரர்கள் பிரபுவின் முகமூடியைக் கிழிக்கிறார்கள். ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' (1925) வறுமையில் நசுங்கும் ஒரு படைவீரனின் கதை.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றி அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் எழுதிய 'சத்தியாகிரகா' ராட்டர்டாம் நகரின் பணத்தில் உருவாகி 1980-இல் அரங்கேறியது. பாடல்கள் கீதையிலிருந்து, சமஸ்கிருதத்திலேயே. கடைசி அங்கம் 1913-இன் நியூகாசில் பேரணி. தென்னாப்பிரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்து, காந்தியோடு நடந்த 2,000-க்கும் மேற்பட்டோரில் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களைப் போராட அழைத்தவர்கள் தமிழ்ப் பெண்கள்.

2011 டிசம்பர் 1 அன்று மெட்டில் அந்த ஓபரா முடிந்தபோது, பெரும் பணக்காரர்களின் ஆதிக்கத்தை எதிர்த்த வால் ஸ்ட்ரீட் எதிர்ப்பாளர்கள் லிங்கன் சென்டர் வாசலில் திரண்டிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்தவர்களை வேறு பக்கம் போகும்படி போலீசார் சொன்னார்கள். சிலர் தடுப்பைத் தாண்டி எதிர்ப்பாளர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கிளாஸே வெளியே வந்து, அறம் தாழும்போதெல்லாம் யுகந்தோறும் பிறக்கிறோம் என்ற ஓபராவின் இறுதி வரிகளைச் சொல்ல, கூட்டம் வரிக்கு வரி திருப்பிச் சொன்னது.

கோட்டு சூட்டு வேண்டுமா? மொழி தெரியாமல் எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலான அரங்குகளில் உடைக் கட்டுப்பாடு இல்லை. மொழிக்கு, மேடைக்கு மேலே திரையில் மொழிபெயர்ப்பு ஓடும்; 1983-இல் டொராண்டோவில் தொடங்கிய வழக்கம். என் கணிப்பில் கதவை அதிகம் திறந்துவிட்டது இதுதான்.

செலவில்லாமல் எங்கே தொடங்குவது?

ஓபராவிஷன் என்ற இணையத்தளத்தில் ஐரோப்பிய அரங்குகளின் முழு நிகழ்ச்சிகளை மொழிபெயர்ப்பு வரிகளோடு இலவசமாகப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியம் அதற்கு உண்டு. அங்குள்ளவர்களின் வரிப்பணம் நம் வீடு வரை வருகிறது. முதலில் 'கார்மென்' அல்லது 'லா பொஹேம்' பாருங்கள். 'லா பொஹேம்' இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாடகை கொடுக்க முடியாமல், குளிருக்குத் தன் கையெழுத்துப் பிரதியையே எரிக்கும் எழுத்தாளனோடு கதை தொடங்குகிறது. முழுக் கதையையும் முன்கூட்டியே படித்துவிட்டு உட்காருங்கள்; முடிவு தெரிந்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.